நாற்பத்தோராம் இலக்கக் கிணறு

கடலுக்குள் ஏன் கிணறு வெட்டினீர்கள் என்று கேட்டு ஒரு சபைக்குக் கடிதம் வந்தால் அங்குள்ளவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிரதேச சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. செயலாளர் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பியோனைக் கூப்பிட்டு, அதைச் சொத்துப் பகுதி ஜவுபரின் மேசையில் கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கதவைச் சாத்துகிற வழக்கம் அந்த மனிதருக்குக் கிடையாது.

ஊரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் சபையில் இருப்பவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். கல்முனையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் ஏறி, ஒலுவில் வருவதற்கு முன்னால் எங்கேயோ இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கடிதம் கணக்காய்வுப் பகுதியிலிருந்து வந்திருந்தது. சபைக்குச் சொந்தமான எல்லாச் சொத்துக்களும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்பும்படி போன வருடம் கேட்டிருந்தார்கள். சபையும் அனுப்பியிருந்தது. இப்போது அவர்கள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'சொத்துப் பதிவேட்டின் 41ஆம் இலக்கத்தில் காட்டப்பட்டுள்ள பொதுக் கிணறு, தாங்கள் வழங்கிய புள்ளியின்படி கடலினுள் அமைந்துள்ளது. இதற்கான விளக்கத்தைத் தருவதுடன், எதிர்வரும் வியாழக்கிழமை நேரடிப் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்யவும்.'

ஜவுபர் வாசித்து முடித்துக் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். 

அவருக்கு ஐம்பது வயது. சபையில் யாருக்கும் அவரிடம் ஒரு பயம் உண்டு, பாசமும் உண்டு. சபையின் பிளாஸ்டிக் கதிரை ஒன்று யாரோ ஒருவருடைய கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பி வராவிட்டால், ஜவுபர் சைக்கிளில் போய் இறங்குவார். பந்தலுக்குள் குனிந்து குனிந்து ஒவ்வொரு கதிரையின் அடியிலும் வெள்ளைப் பெயின்ரால் எழுதிய இலக்கத்தைத் தேடுவார். கண்டுபிடித்ததும், அதில் உட்கார்ந்திருப்பது மாப்பிள்ளையின் மாமாவாக இருந்தாலும் எழுப்பிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பிரியாணியைக்கூடத் தொடமாட்டார். சந்தைக் கட்டடம் ஒன்று, வாசிகசாலை இரண்டு, மாடறுக்கும் மடுவம் ஏழு, ஆயுர்வேத மருந்தகம் பதினொன்று என்று இருநூற்றுப் பன்னிரண்டு இலக்கங்களும் அவருக்கு மனப்பாடம்.

மனப்பாடமாக இருப்பதில் அதிசயமில்லை. அந்தப் பதிவேட்டை உண்டாக்கியவரே அவர்தான். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு மார்கழி இருபத்தாறாம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது சபைக் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் தண்ணீர் நின்றது. பழைய பதிவேடு, காணி உறுதிகள், வரைபடங்கள் எல்லாம் அலுமாரிக்குள்ளேயே கூழாகிப் போயின. ஒரு சபைக்குத் தன்னுடையது எது என்று மறந்து போனால் என்ன நடக்கும் என்பதை அந்த நாட்களில் ஊர் கண்டது. வேலிகள் தாமாகவே நகர்ந்தன. பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் இருந்த சபைக் காணியில் ஒருவர் வாழைக்கன்று நட்டுவிட்டார்.

அப்போது ஜவுபர் புதிதாகச் சேர்ந்த எழுதுவினைஞர். யாரும் சொல்லாமலே ஒரு சைக்கிளையும் நாற்பது பக்கக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஐந்து மாதம் அலைந்தார். எல்லைக் கல்லைத் தேடி மண்ணைத் தோண்டினார், அயலவர்களை இருத்தி வைத்துக் கேட்டார், சத்தியம் வாங்கினார், சண்டையும் வாங்கினார். இடிந்துபோன சுவரில் ஒட்டியிருந்த ஒரு துண்டுப் பலகையை வைத்துச் சிறுவர் பூங்காவின் மேற்கு எல்லையைப் பிடித்தார். கடைசியில் இருநூற்றுப் பன்னிரண்டு சொத்துக்களையும் தாளில் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஒரு சபையையே ஒரு மனிதர் சைக்கிளில் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தார்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் அவர் கண்ணால் காணாமல் எழுதியது ஒன்றே ஒன்றுதான்.

கடிதம் வந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. ஸம்றா வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். சவளக்கடைப் பெண். வயல் பக்கத்திலிருந்து தினமும் பஸ் மாறி மாறி வேலைக்கு வருகிறவள். சொத்துப் பகுதியில் ஜவுபருக்கு அடுத்த கதிரை அவளுடையது. வருடா வருடம் மார்கழியில் நடக்கும் கணக்கெடுப்பில் அவர் ஒரு கையெழுத்து, அவள் ஒரு கையெழுத்து.

"நானா, இந்தக் கிணத்த நீங்க கண்ட நீங்களா?"

"பதிவில இரிக்கி."

"பதிவில இரிக்கிறது எனக்கும் தெரியும், கையெழுத்து வெச்சதே நான்தானே. கண்ட நீங்களா எண்டு கேக்கன்."

ஜவுபர் பேனாக்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினார்.

"போன மார்கழியில என்ன செல்லிக் கையெழுத்து வாங்கின நீங்க? நாப்பத்தொண்ட நான் பாத்துக்குவன், நீ வெய்யி எண்டு. பொம்புளப் புள்ள வெயிலுக்க அலையக் கூடா எண்டுதான் செல்றீங்க எண்டு நம்பின நான்." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எனக்கு நியமனம் நிரந்தரமாக இன்னும் ரெண்டு மாசம் இரிக்கி நானா. அதுக்குள்ள பொய்க் கையெழுத்து வெச்சவ எண்டு என்ட பைலில விழுந்தா, என்ட வேல போச்சு."

அது சும்மா பேச்சில்லை. பரீட்சைக்குரிய வயதெல்லை முடிய ஒரு கிழமை இருக்கையில் எழுதிப் பெற்ற வேலை அது. கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளையும் அவள் வளர்ப்பது அந்த ஒரு கதிரையை நம்பித்தான். ஜவுபருக்கு அது தெரியும். தெரிந்தும் பேனாக்களை நேராக்கிக்கொண்டிருந்தார். ஸம்றா நேரே போய்ச் செயலாளரின் சாத்திய கதவைத் தள்ளினாள்.

"இரி," என்றார் செயலாளர். அவள் இருக்கவில்லை.

"அந்த ஒண்ட மட்டும் நாங்க அவர்ட்டக் கேக்கிறல்ல ஸம்றா," என்றார் அவர். "எனக்கு முந்தி இருந்தவரும் கேக்கல்ல. அவருக்கு முந்தி இருந்தவரும் கேக்கல்ல. வருசா வருசம் அந்தக் கோட்டில சரி எண்டு போட்டுட்டுப் போறதுதான்."

"என்னத்துக்கு?"

"அவர்ட முதல் மனிசி ஹாஜறா, கடல் வந்த அண்டைக்கு அந்தக் கிணத்துக்குத்தான் தண்ணிக்குப் போனவ."

கரையோரத்து வீடுகளில் அந்தக் காலம் குழாய்த் தண்ணீர் வரவில்லை. வீட்டுக் கிணறுகளில் உப்புச் சுவை. துணி தோய்க்கலாம், சோறு ஆக்க முடியாது. சோற்றுக்கு மட்டும் தண்ணீர் எடுக்கப் பெண்கள் கடற்கரை மேட்டில் இருந்த சபைக் கிணற்றுக்குப் போவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஹாஜறா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்து பிட்டு அவிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கலியாணமாகி ஒன்றரை வருடம். அவளுடைய மையித்துக் கிடைக்கவில்லை. ஊர் முழுவதும் 'இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்' என்று ஒவ்வொரு வாசலிலும் ஓதிக்கொண்டிருந்த நாட்களில், யாருடைய மரணச் செய்தி கேட்டாலும் முஸ்லிமின் வாயில் தானாக வருகிற அந்த வசனத்தை ஜவுபர் தன் மனைவிக்காக ஒரு தடவையும் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த ஐந்து மாதச் சைக்கிள். நாற்பதாவது சொத்து வரைக்கும் கண்டு எழுதியவர், நாற்பத்தொன்றுக்குப் போகிற மணல் வழியில் கடைசித் தென்னந்தோட்டத்தின் வேலியோடு சைக்கிளைத் திருப்பினார். கடலின் சத்தம் கேட்டது, அதற்கு மேல் கால் நகரவில்லை. வேலிக் கம்பில் கொப்பியை வைத்து, 'பொதுக் கிணறு. ஆழம் 18 அடி. உண்டு. நல்ல நிலையில்' என்று எழுதினார். இல்லை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. கிணறு இல்லையென்றால் அங்கே போனவளும் இல்லை. கணக்கு அவருக்கு அப்படித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர் கடற்கரைக்குப் போனதேயில்லை. உம்மா கெஞ்சி, நாலு வருடம் கழித்து றாபியாவைக் கட்டினார். பிள்ளைகள் பிறந்தார்கள். றாபியா நல்ல மனுசி. மீனைக்கூடச் சந்தையில்தான் வாங்குவாள், கரைக்குப் போகச் சொல்லி ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை. அலுவலகத்திலும் அப்படியே. கடற்கரைப் பக்கத்துச் சங்கதி எதையும் அவர் முன்னால் யாரும் கதைப்பதில்லை. இருபது வருடமாக ஒரு சபையே சேர்ந்து ஒரு மனிதருக்காக ஒரு வரியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அந்த இரக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது இப்போது சவளக்கடையிலிருந்து பஸ் மாறி வந்த, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் தலையில் வந்து விடிந்திருந்தது.

ஸம்றா திரும்பி வந்தபோது கோபம் பாதியாகியிருந்தது. ஜவுபர் ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் கடிதம் ஒண்டு எழுதித் தாறன். கிணறு அழிஞ்சிட்டு, பிழை முழுக்க என்ட, உனக்கு ஒண்டும் தெரியா எண்டு. நீ யோசியாத."

"அழிஞ்சிட்டு எண்டு எழுதுறதுக்கும் பாக்கத்தானே வேணும் நானா," என்றாள் அவள். "இதையும் காணாம எழுதப் போறீங்களா?"

ஜவுபர் பேனாவை மூடி வைத்தார்.

வியாழக்கிழமை காலை றாபியா அவருடைய வெள்ளைச் சட்டையை மினுக்கிக் கொடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. சட்டைப் பையில் முகம் துடைக்க ஒரு லேஞ்சியை மடித்து வைத்தாள், அவ்வளவுதான்.

கணக்காய்வு உத்தியோகத்தர் தனுசன் எட்டரைக்கே வந்துவிட்டார். பாண்டிருப்புப் பையன் என்று சொல்லலாம், முப்பது வயது இருக்கும். மெலிந்த முகம், முதுகில் ஒரு பை, கையில் அளவு நாடா. தேநீர் வேண்டாம் என்றார். கணக்காய்வுக்கு வருகிறவர்கள் தேநீர் வேண்டாம் என்றால் சபைகளில் எல்லோருக்கும் நெஞ்சு இடிக்கும். மூவரும் சபையின் கெப் வண்டியில் ஏறினார்கள். தார் வீதி முடிகிற இடத்தில் சாரதி நிறுத்தினார். அதற்கு அங்கால் மணல்.

அலைக்குப் பிறகு வீடுகளை ஊருக்குள் நகர்த்திவிட்டதால் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அத்திவாரங்களின் மேல் அடம்பன் கொடி படர்ந்திருந்தது. தனுசன் கைப்பேசியை முன்னால் பிடித்துக்கொண்டு புள்ளியைப் பார்த்துப் பார்த்து நடந்தார்.

"இன்னும் நூத்தி இருவது மீற்றர்," என்றார்.

ஜவுபர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். கடல் இன்னும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அன்று சைக்கிளைத் திருப்பிய வேலியைத் தேடினார். வேலியும் இல்லை, தென்னந்தோட்டமும் இல்லை.

"எம்பது மீற்றர்."

ஸம்றா அவருக்குப் பக்கத்தில் வந்தாள். அவருடைய கையிலிருந்த பதிவேட்டை வாங்கிக்கொண்டாள். திரும்பிப் போகலாம், யாரும் தடுக்கமாட்டார்கள் என்று ஜவுபர் நினைத்தார். பிறகு தன் பதிவேட்டை அணைத்துக்கொண்டு நடக்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தார். நடந்தார்.

"நாப்பது மீற்றர்," என்ற தனுசன், மணல் மேட்டின் உச்சியில் ஏறி நின்றார். அதற்குப் பிறகு அவர் மீற்றர் சொல்லவில்லை.

மேடு அந்த இடத்தில் கத்தியால் வெட்டியது போல முடிந்திருந்தது. ஒலுவில் பக்கம் தொடங்கி வருடம் வருடமாகக் கடல் கரையைத் தின்றுகொண்டு வந்ததில், பாதி மேடு போய்விட்டது. கீழே ஒரு ஆள் உயரத்துக்கும் மேலான பள்ளம், அதில் புதுக் கடற்கரை. அந்தக் கரையும் கடலும் சேருகிற இடத்தில், அலைக்குள், தன்னந்தனியாக ஒரு கோபுரம் நின்றது.

முதலில் ஜவுபருக்கு அது என்னவென்று விளங்கவில்லை. வட்டமாக, சாம்பல் நிறத்தில், இரண்டு ஆள் உயரத்தில் நின்றது. பள்ளிவாசல் ஒன்று கடலுக்குள் மூழ்கி மினாரா மட்டும் வெளியே தெரிகிறதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய சீமெந்து வளையக் கொட்டுகளைக் கண்டார். உச்சியில் இடுப்பளவுக் கட்டைக் கண்டார். கிணறு. மண்ணுக்குள் இருக்க வேண்டிய கிணறு மண்ணை விட்டு வெளியே வந்து நின்றது. சுற்றியிருந்த பூமியைக் கடல் பிடி பிடியாக எடுத்துக்கொண்டு போயிருந்தது. கிணற்றை எடுக்கவில்லை.

அலை வந்து அதன் அடியில் மோதி, இரண்டாகப் பிரிந்து, பின்னால் போய்ச் சேர்ந்தது. மறுபடி வந்தது. கிணறு ஒரு விரலளவும் சாயாமல் நின்றது.

"சுபுஹானல்லாஹ்," என்றாள் ஸம்றா, மிக மெதுவாக. இருபது வருடமாக ஜவுபர் உண்டு என்று எழுதிக்கொண்டிருந்தார். அது பொய்யென்று நினைத்துக்கொண்டுதான் எழுதினார். அந்த இருபது வருடமும் இது இங்கே உண்டு என்றே நின்றிருக்கிறது.

கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மீனவர் சறுக்கிச் சறுக்கி மேட்டில் ஏறி வந்தார். முனாஸ் என்று பெயர் சொன்னார். சபையிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றதும் முகம் சுருங்கியது.

"உடைக்க வந்த நீங்களா?"

"இல்ல," என்றார் தனுசன். "பாக்கத்தான்."

"அப்ப பாருங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளிய வந்த. இந்த மாரியிலதான் முழுசாத் தெரிஞ்ச. கட்டினவன் சும்மா அடுக்கல்ல சேர், கொட்டுக்குக் கொட்டு கம்பி போட்டுப் பூட்டியிரிக்கான். இன்னும் ஒம்பதடி மண்ணுக்க கிடக்கு." பிறகு, ஒரு நல்ல சேதியைக் கடைசிக்கு வைத்திருந்தவர் போலச் சொன்னார்: "தண்ணி இரிக்கி."

"கடல் தண்ணிதானே?"

"குடிச்சிப் பாருங்களன்."

எல்லோரும் மேட்டிலிருந்து சறுக்கிக் கீழே இறங்கினார்கள். காட்டுக் கம்புகளால் கட்டிய ஏணி ஒன்று கிணற்றில் சாத்திக் கட்டப்பட்டிருந்தது. அலை திரும்பும் நேரம் பார்த்து, காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தனுசன் ஏறினார். மேற்கட்டில் சீமெந்தில் கீறியிருந்த எழுத்துக்களைத் தடவி, "கிராம சபை, 1968" என்று உரக்க வாசித்தார். வாளியை இறக்கினார். தூக்கி, உள்ளங்கையில் ஊற்றி, வாயில் வைத்தார்.

கணக்காய்வு உத்தியோகத்தர்கள் ஆச்சரியப்பட்டு நான் கண்டதில்லை, அதற்கு அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில்லை. தனுசன் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தன்னைச் சுற்றி நாலு பக்கமும் நுரைத்துக்கொண்டிருந்த கடலைப் பார்த்தார். குனிந்து கிணற்றுக்குள் பார்த்தார். மறுபடியும் குடித்தார்.

"உப்பே இல்ல," என்றார்.

"மேக்கால வயல் தண்ணி," என்று முனாஸ் கரையிலிருந்து சத்தமாகச் சொன்னார். "வயலுக்குப் பாச்சிறது மண்ணுக்கு அடியால ஊறி ஊறி இஞ்ச வருகுது எண்டு நாங்க நினைக்கிற. கடலுக்குப் போற ஆக்கள் எல்லாம் இதில அள்ளிட்டுத்தான் போற."

ஸம்றாவின் முகம் மாறியது. சவளக்கடை வயல்களின் தண்ணீரும் அதில் இருக்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. தனுசன் இறக்கிய வாளியில் அவளும் குடித்தாள். பிறகு வாளியை ஜவுபரிடம் நீட்டினாள்.

ஜவுபர் வாங்கவில்லை.

"குடிக்க முந்தி ஒண்டு செல்லணும் சேர்," என்றார் தனுசனைப் பார்த்து. "இந்தக் கிணத்த நான் இண்டைக்குத்தான் காணுறன். இருவது வருசமாக் காணாமத்தான் எழுதின. நல்ல நிலையில எண்டு எழுதின. இந்தப் புள்ளைக்கு ஒண்டும் தெரியா, நான் செல்லித்தான் கையெழுத்து வெச்ச. கண்டு எழுதச் செல்லி என்ன இஞ்ச கொண்டுவந்ததும் இவதான். கிணறு நிண்டது அல்லாஹ்ட செயல். என்ட எழுத்து பொய்தான்."

"நானும் காணாமத்தான் வெச்ச நான்," என்றாள் ஸம்றா உடனே. அவளுக்கு இந்த இடத்தில் வாயை மூடத் தெரியவில்லை, நல்ல வேளையாக.

தனுசன் ஏணியிலிருந்து இறங்கினார். ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

"என்ன காரணம் நானா?"

"என்ட மனிசி அண்டைக்கு இஞ்ச தண்ணிக்கு வந்தவ."

தனுசன் கடலைப் பார்த்தார். "அண்டைக்கு எனக்கு ஒம்பது வயசு," என்றார். "பாண்டிருப்புல." அலை இரண்டு தடவை வந்து போனது.

"போன வருசங்களுக்கு நீங்க விளக்கம் எழுதித் தரத்தான் வேணும்," என்றார் பிறகு. "அத நான் மறைக்க ஏலாது. எச்சரிக்கைக் கடிதம் ஒண்டு வரும். மத்தது, இவங்க கேள்வி கேட்டு, உங்களக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினவங்க. நான் கண்டது அதத்தான், அதத்தான் எழுதுவன்." பையிலிருந்து நாடாவை எடுத்தார். "ஏறுங்க நானா. மேல பிடிக்க ஆள் வேணும்."

ஜவுபர் ஏறினார். கடல் தண்ணீர் முழங்காலில் அடித்தபோது கண்ணை மூடிக்கொண்டார், பிறகு திறந்தார். கீழே ஏணியை ஸம்றா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது, அவள் விடவில்லை. உச்சிக்கு வந்து நாடாவின் நுனியைப் பிடித்தார். கீழிருந்து தனுசன், "மணலுக்கு மேல பன்ரெண்டு அடி," என்றார். பதிவேட்டில் ஆழத்துக்குத்தான் இடமிருந்தது. கிணற்றுக்கு உயரம் எழுத ஒரு கட்டம் வேண்டியிருக்கும் என்று இருபது வருடத்துக்கு முன்னால் கோடு போட்டவருக்குத் தெரியாது.

அவர் உள்ளே குனிந்து பார்த்தார். வெளியே அத்தனை ஆரவாரம். உள்ளே ஒரு வட்டம் தண்ணீர், சின்ன நடுக்கம், அதில் வானம், அதில் அவர் முகம். இப்படியொரு அமைதியை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

பிறகு விளிம்பில் கை வைத்தபோதுதான் அதைக் கண்டார். சீமெந்து விளிம்பு நெடுகிலும் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. கயிற்றுத் தடங்கள். எத்தனையோ வருடம் எத்தனையோ பெண்கள் தும்புக் கயிற்றைப் போட்டு இழுத்து இழுத்துச் சீமெந்தில் உண்டாக்கிய தடங்கள். ஹாஜறா எப்போதும் மேற்குப் பக்கம் நின்றுதான் அள்ளுவாள், கடலைப் பார்க்கலாம் என்பதற்காக. புது மாப்பிள்ளையாகக் கூட வந்து பக்கத்தில் நின்ற நாட்களில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். மேற்குப் பக்கத்தில் ஆழமாக ஒரு தடம் இருந்தது. அது அவளுடையது மட்டுமில்லை, அவளுடையதும்தான். அவர் அதில் விரலை வைத்தார். விரல் சரியாக உள்ளே போய் இருந்தது.

வாளியை இறக்கி, தூக்கி, குடித்தார். இந்தத் தண்ணீரில் ஆக்கிய சோற்றின் ருசி அவருக்கு மறந்தே போயிருந்தது. ஒரு மிடறில் வந்துவிட்டது. பிட்டு அவிக்கிறேன் என்று சொன்ன குரலும் கூடவே வந்தது. அவர் அழுதார். மறைக்கவில்லை, லேஞ்சியை எடுக்கவும் தோன்றவில்லை.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி றாஜிஊன்," என்று சொன்னார். கடலைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னார்.

கீழே ஸம்றா தலையில் முக்காட்டைச் சரி செய்துகொண்டு அதையே திருப்பிச் சொன்னாள். முனாஸும் சொன்னார். தனுசன் நாடாவைச் சுற்றாமல் கையில் பிடித்தபடி தலை குனிந்து நின்றார்.

திரும்பும்போது கெப் வண்டியில் பதிவேடு ஸம்றாவின் மடியில் இருந்தது. அவள் நாற்பத்தோராம் இலக்கத்தைத் திறந்து வைத்து, ஜவுபரின் பேனாவை வாங்கினாள். கையெழுத்துக்களைத் தவிர, இருபது வருடத்தில் அந்தப் பதிவேட்டில் வேறொருவருடைய எழுத்து விழப்போவது அதுதான் முதல் தடவை.

"கிணறு உண்டு எண்டு போட்டுட்டன் நானா," என்றாள். "நிலை எண்ட இடத்தில என்ன எழுதுற? நல்ல நிலையில எண்டா?"

ஜவுபர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். மணல் மேடு மறைத்துவிட்டது, கிணறு தெரியவில்லை.

"கண்டு எழுதினது எண்டு எழுது," என்றார்.